மூச்சு வாங்காமல் ஒரு நாள்: இதயச் செயலிழப்பில் எதை மாற்ற முடியும்?

சிங்கப்பூரின் ஜாலான் புசார் வட்டாரப் பழைய கடைவீடுகளில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும். பாதி ஏறிவிட்டுச் சுவரில் கை ஊன்றி நிற்கிறவரைக் கேட்டால், "வயசாச்சு, அவ்வளவுதான்" என்பார். இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது, சாயங்காலமானால் செருப்பு வார் காலில் பதிகிறது என்பதெல்லாம் கேட்டால் ஒழியச் சொல்லமாட்டார். மாரடைப்பு ஆம்புலன்ஸ் சத்தத்தோடு வரும். இதயச் செயலிழப்பு பல வீடுகளில் இப்படிச் சத்தமில்லாமல்தான் நுழைகிறது. பெயரைக் கேட்டு இதயம் நின்றுவிடும் நோய் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது; உடலுக்கு வேண்டிய ரத்தத்தை வேண்டிய வேகத்தில் இறைக்க அதனால் முடிவதில்லை. நுரையீரலிலும் காலிலும் நீர் கட்டுகிறது, கொஞ்சம் நடந்தாலும் களைப்பு வந்துவிடுகிறது.

இந்த நோயைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு. எந்தக் காரணங்களை மாற்றினால் நோயே வராமல் தடுக்கலாம் என்பது ஒன்று. வந்தபின் எவற்றை மாற்றினால் நோயாளியின் நாள் சற்று எளிதாகும் என்பது மற்றொன்று. மருத்துவ அறிவுரைகளில் இரண்டும் ஒன்றாகக் கலந்துபோகின்றன. "உப்பைக் குறை, எடையைக் குறை, நட" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் இரண்டுக்கும் விடை வேறு வேறு என்று தெரிகிறது. சில இடங்களில் ஒன்றுக்கொன்று எதிராகவே இருக்கின்றன.

முதலில் வயதைப் பார்ப்போம். சிங்கப்பூர் தேசிய இதய நிலையத்தின் பேராசிரியர் கேரொலின் லாம் தலைமையில் 11 ஆசிய வட்டாரங்களில் நடந்த ஏஷியன்-எச்எஃப் பதிவேடு 2016ல் தன் முதல் பெரிய முடிவுகளை வெளியிட்டது. இதயத் தசை வலுக்குறைந்த 5,276 நோயாளிகள் அதில் இருந்தார்கள். சராசரி வயது 60ஐ ஒட்டி. மேற்கத்திய நாடுகளின் பதிவேடுகளோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட பத்து ஆண்டு முன்னதாகவே நம் பக்கத்து மக்களுக்கு இந்த நோய் வந்துவிடுகிறது. பாதிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், பாதிப் பேருக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு, பத்தில் நால்வருக்கு நீரிழிவு. ஜப்பான், கொரியாப் பக்கத்து நோயாளிகளைவிட வயது குறைவாக இருந்தும் தென்கிழக்காசிய நோயாளிகளிடம் நீரிழிவும் சிறுநீரகப் பாதிப்பும் கூடுதலாக இருந்தன.

கடல் கடந்த ஊரிலும் இதே படம்தான். 2013ல் திருவனந்தபுரம் பதிவேட்டில் சேர்ந்த 1,205 பேரின் சராசரி வயது 61. அவர்களில் 72 விழுக்காட்டினருக்கு அடிப்படை ரத்தக்குழாய் அடைப்பு. வேலை, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக்கடன் எல்லாம் இன்னும் முடியாத வயது அது. நம் சமூகத்தில் இந்த நோய் பறிப்பது ஓய்வுக்காலத்தை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஏன் இவ்வளவு சீக்கிரம்? பெரும்பகுதி விடை தெரிந்ததுதான். 52 நாடுகளில் நடந்து 2004ல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்பு ஆபத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை ஒன்பது காரணங்களுக்குள் அடக்கியது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், நீரிழிவு, தொப்பை, மன அழுத்தம், காய்கனிக் குறைவு, மது, உடலுழைப்பின்மை. அந்தத் தரவிலிருந்து 2007ல் தெற்காசியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது அவர்களின் முதல் மாரடைப்பு 53 வயதில் வந்திருந்தது; மற்ற நாட்டவருக்கு 59ஐ ஒட்டி. காரணங்கள் எல்லாருக்கும் பொதுவானவையே. நம்மிடம் அவை இளவயதிலேயே வந்து குவிகின்றன. சிங்கப்பூரின் 2010 தேசிய சுகாதார ஆய்வில் இந்தியர்களிடம் நீரிழிவு 17.2 விழுக்காடு, சீனர்களிடம் 9.7 விழுக்காடு. சிங்கப்பூர் 2016ல் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்ததன் பின்னணியில் இப்படிப்பட்ட எண்கள்தான் இருந்தன.

எடையை மட்டும் பார்த்து நிம்மதி அடைகிறவர்களுக்கு ஏஷியன்-எச்எஃப் ஒரு எச்சரிக்கை தருகிறது. பல நோய்கள் ஒருவரிடம் எப்படிச் சேர்கின்றன என்று 2018ல் அந்த நோயாளிகளைப் பகுத்தபோது ஐந்து கூட்டங்கள் தெரிந்தன. அவற்றில் ஒன்று, ஒல்லியான உடம்பும் நீரிழிவும் கொண்டவர்கள். சட்டை தளர்வாக இருக்கும், கன்னம் ஒட்டியிருக்கும், ஆனால் ரத்தத்தில் சர்க்கரை. "நான் என்ன குண்டா?" என்று கேட்டு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர் பெரும்பாலும் இந்தக் கூட்டத்துக்காரர்தான். சிங்கப்பூரில் உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று வைத்திருப்பது இதனால்தான்.

நோய் வருமுன் இந்தக் காரணங்களை மாற்றுவதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அமெரிக்க ஆண் மருத்துவர்கள் ஏறத்தாழ 20,900 பேரை நெடுங்காலம் தொடர்ந்த ஆய்வு 2009ல் வெளிவந்தது. புகைக்காமை, சரியான எடை, உடற்பயிற்சி, காய்கனி போன்ற ஆறு நல்ல பழக்கங்களில் ஒன்றுகூட இல்லாதவர்களுக்கு வாழ்நாளில் இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு 21 விழுக்காடு. நான்கோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு 10 விழுக்காடு. ஆபத்து பாதியாகக் குறைகிறது. இதைச் செய்துகாட்டும் மாத்திரை எதுவும் கையில் இல்லை.

நோய் வந்தபின் கதை மாறுகிறது. உப்பிலிருந்து தொடங்குவோம், நம் சமையலறையில் பெரிய சண்டையே அதில்தான். உலகச் சுகாதார நிறுவனம் நாளுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழ் இருக்கச் சொல்கிறது. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு. சிங்கப்பூர்வாசிகள் சராசரியாக 3,620 மில்லிகிராம் உட்கொள்வதாக 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வு சொன்னது. சாம்பாரில் போடும் கல்லுப்பை மட்டும் குறைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நாள் முழுவதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். காலையில் தோசை மாவில் உப்பு, சட்னியில் உப்பு. பகலில் தேக்கா உணவங்காடி நிலையத்தில் மீன் கறி ஊற்றிய சோறு, கூடவே அப்பளமும் ஊறுகாயும். இரவு அலுப்பில் ஒரு பாக்கெட் உடனடி நூடுல்ஸ். அந்த ஒரு பாக்கெட்டின் மசாலாத்தூளிலேயே ஒரு நாள் அளவின் பெரும்பகுதி போய்விடும். கருவாடு சமைத்த நாளின் கணக்கைச் சொல்லவே வேண்டாம்.

இவ்வளவு உப்பைக் குறைத்தால் நோயாளி நீண்டநாள் வாழ்வாரா? 2022ல் ஆறு நாடுகளின் 806 நோயாளிகளிடம் சோடியம்-எச்எஃப் ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு பிரிவினரை நாளுக்கு 1,500 மில்லிகிராமுக்குள் சாப்பிடச் செய்தார்கள். ஓராண்டில் மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ குறிப்பிடும்படி குறையவில்லை. உப்பைக் கைவிடச் சொல்லிவந்த பல மருத்துவர்களை இந்த முடிவு திகைக்க வைத்தது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தி இருந்தது. உப்பைக் குறைத்தவர்களின் வாழ்க்கைத்தர மதிப்பெண் சற்று உயர்ந்தது, அன்றாடச் செயல்பாட்டின் படிநிலையும் மேம்பட்டது. தாங்கள் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்று நோயாளிகளுக்குத் தெரிந்திருந்ததால், அந்த முன்னேற்றத்தில் கொஞ்சம் மனத்தின் பங்கும் இருக்கலாம். இருந்தாலும் எனக்கு இது முக்கியமான முடிவு. அந்த மனிதர் எத்தனை நாள் வாழ்வார் என்பதை உப்பு பெரிதாக மாற்றவில்லை, எப்படி வாழ்வார் என்பதை மாற்றியிருக்கிறது. "ஆயுசு கூடும்" என்று ஆசை காட்டி உப்பை நிறுத்தச் சொல்வதைவிட, "கால் வீக்கம் குறையும், படி ஏறலாம்" என்று சொல்வதே உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

உப்பை விடுமுன் ஓர் எச்சரிக்கை. சோடியம் குறைந்த மாற்று உப்பைச் சுகாதார மேம்பாட்டு வாரியம் சில ஆண்டுகளாக ஊக்குவித்து வருகிறது. பொதுமக்களுக்கு நல்லதுதான், சீனக் கிராமங்களில் 20,995 பேரிடம் நடந்த ஆய்வில் அத்தகைய உப்பு பக்கவாதத்தைக் குறைத்தது. ஆனால் அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். இதயச் செயலிழப்புக்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற சில மாத்திரைகளும் உடலில் பொட்டாசியத்தை ஏற்றுகின்றன. சிறுநீரகமும் பலவீனமாக இருந்தால் அளவு ஆபத்தான உயரத்துக்குப் போய் இதயத் துடிப்பையே குலைக்கலாம். இதய நோயாளிக்கு நல்லது என்று நினைத்துப் பிள்ளைகள் அன்போடு வாங்கிவரும் பொருள் இது. மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்காமல் அடுக்களைக்குள் விடக்கூடாது. 2027ல் சோடியம், நிறைகொழுப்பு அளவுகளைக் காட்டும் நியூட்ரி-கிரேட் முத்திரை உப்பு, சாஸ், உடனடி நூடுல்ஸ், சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கும் வருகிறது. அந்த முத்திரையும் பொதுமக்களை மனத்தில் வைத்தது. மாத்திரைப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

தண்ணீர் விஷயத்தில் நோயாளிகளை நாம் தேவைக்கு மேல் வருத்தியிருக்கிறோம் என்றே நினைக்கிறேன். நாளுக்கு ஒன்றரை லிட்டர்தான் என்று நாக்கு வறள வறளக் கட்டுப்படுத்தியவர்களைச் சிங்கப்பூர் வெயிலில் எண்ணிப் பாருங்கள். நெதர்லாந்தில் நிலையான நிலையிலிருந்த 504 வெளிநோயாளிகளிடம் நடந்து 2025ல் வெளியான ஃபிரெஷ்-அப் ஆய்வில், அளவு பார்த்துக் குடித்தவர்களுக்கு வாழ்க்கைத்தரத்தில் எந்த ஆதாயமும் தெரியவில்லை. தாக வேதனைதான் அவர்களுக்குக் கூடுதல். நீர் கட்டி மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு இந்த முடிவு பொருந்தாது. நிலையாக இருப்பவர் தன் மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

எடையில்தான் முன்-பின் முரண் அதிகம். நோய் வருமுன் கூடுதல் எடை எதிரி. வந்தபின், காரணமில்லாமல் இளைக்கும் நோயாளி கவலைக்குரியவர். தசை கரைகிறது, அதோடு நடையும் போகிறது. "நல்லா இளைச்சிட்டீங்களே அண்ணே" என்று பாராட்டுமுன் அவர் தானாக முயன்று குறைத்தாரா என்று கேட்க வேண்டும். மறுபுறம், இதயத் தசை வலுவாக இருந்தும் விறைத்துப்போய் நோய் வந்த, கூடவே மிகையான உடல் எடையும் கொண்டவர்களுக்கு எடைக்குறைப்பு கண்கூடான பலன் தருகிறது. 2023ல் 529 பேரிடம் செமாக்ளுடைட் ஊசியைச் சோதித்தபோது, ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் சராசரியாக 21 மீட்டர் கூடியது. போலி ஊசி பெற்றவர்களுக்கு ஒரு மீட்டர். 21 மீட்டர் என்பது தாளில் சிறிய எண்தான். புளோக்கின் மின்தூக்கியிலிருந்து வாசற்படிவரை அதுதான் தூரம் என்றால், அது பெரிய தூரம்.

எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தும் எடைக் கணக்கு ஒன்று உண்டு. காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், எடை பார்த்து எழுதிவைக்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சோறு போட்ட சதையாக இருக்காது, தேங்கிய நீராக இருக்கும். அன்றே தாதியைக் கூப்பிட்டால் நீர் மாத்திரையின் அளவை மாற்றி வீட்டிலேயே சமாளிக்க வாய்ப்புண்டு.

நடைக்கு வருவோம். 2009ல் 2,331 நோயாளிகளிடம் நடந்த எச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வில், மேற்பார்வையோடு செய்த உடற்பயிற்சி மரணத்தையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் சேர்த்துப் பார்த்த முதன்மைக் கணக்கில் தெளிவாக வெல்லவில்லை. வாழ்க்கைத்தரம் மூன்றே மாதத்தில் உயர்ந்தது, உயர்ந்தபடியே நின்றது, மனச்சோர்வும் குறைந்தது. 2021ல் வந்த ரீஹேப்-எச்எஃப் இன்னும் நெருக்கமாகப் பேசுகிறது. மருத்துவமனையில் படுத்துத் தளர்ந்த முதியவர்கள் 349 பேருக்குச் சமநிலை, கால் வலு, நடை, தாங்குதிறன் நான்கிலும் பயிற்சி தந்தார்கள். மறுசேர்க்கை குறையவில்லை. ஆனால் நாற்காலியிலிருந்து எழுவதும் தடுமாறாமல் நிற்பதும் நடப்பதும் நன்றாகவே மேம்பட்டன.

ஜாலான் புசார் வட்டாரத்துக்கு அதைப் பெயர்த்துப் பார்த்தால், இடத்துக்குப் பஞ்சமில்லை. 1929ல் திறந்த ஜாலான் புசார் விளையாட்டரங்கம் பக்கத்தில் இருக்கிறது. மிடில் ரோட்டின் ஃபார்ச்சூன் சென்டரில் சிங்கப்பூர் இதய அறநிறுவனத்தின் இதய நல நிலையம் இருக்கிறது. குறைவது துணை. மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காத காலத்தில் தாத்தா பாட்டிகள் வேறு வழியில்லாமல் படி ஏறினார்கள். 2001ல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் பல முதியவர்களை வீட்டுச் சிறையிலிருந்து மீட்டது, அது பெரிய நன்மை. இப்போது அவர்கள் கீழே இறங்கி எங்கே, யாரோடு நடப்பது என்பதே கேள்வி. மகனோ மகளோ வாரம் மூன்று நாள் கூட நடந்தால் எந்த நிலையத்துக்கும் அது ஈடாகும்.

அதிகம் பேசப்படாத இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. 2014ல் வெளியான சிங்கப்பூர் ஆய்வில் இதயச் செயலிழப்பு நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது இருந்தது. இந்திய வம்சாவளியினரிடம் கூடுதலாகக் காணப்பட்டது. உடற்பயிற்சித் திறன் குறைவதோடும் தொடர்பு தெரிந்தது. 2009ன் ஃபேர்-எச்எஃப் ஆய்வில் ரத்தநாளம் வழி இரும்பு ஏற்றியவர்களில் பாதிப் பேர் தெம்பு கூடியதாகச் சொன்னார்கள். ஏற்றாதவர்களில் 28 விழுக்காட்டினர்தான் அப்படிச் சொன்னார்கள். வாய்வழி இரும்பு மாத்திரையால் பலனில்லை என்று 2017ல் இன்னோர் ஆய்வு காட்டியது. முருங்கைக்கீரை நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். இந்தக் குறையை அதனால் ஈடுகட்ட முடியாது. ரத்தச் சோகை இல்லாவிட்டாலும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள்.

மற்றது வலி மாத்திரை. முட்டி வலிக்கு டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எடுக்கிறவர்கள் ஏராளம். ஊருக்குப் போய்வரும்போது பெட்டியில் ஓர் அட்டை வந்துவிடும். இவை உடலில் உப்பையும் நீரையும் பிடித்துவைத்து நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கின்றன. தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளிலோ சோடியமே நிறைய. இதயம் மோசமாவதாக எண்ணி மருத்துவமனைக்குப் போகிறவர், முட்டிக்கு எடுத்த மாத்திரையைச் சொல்ல மறந்துவிடுகிறார். தைப்பூசத்துக்கு விரதமிருந்து பால்குடம் எடுப்பவர்களும் நோன்பு பிடிப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று: இந்த நோய்க்குத் தரும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுத்துக்கொண்டு நீண்ட விரதமிருந்தால் ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. எந்த நாள் நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் நோயாளியின் தோளில் ஏறும் சுமை. மாற்றக்கூடிய காரணங்களில் மிகப் பெரியது அவர் கையில் இல்லை என்பது என் முடிவு. ஏஷியன்-எச்எஃப் நோயாளிகளின் மருந்துகளைப் பார்த்த 2018 ஆய்வில், பரிந்துரைக்கப்பட்ட முழு அளவில் பீட்டா பிளாக்கர் பெற்றவர்கள் 13 விழுக்காடு. ரத்தக்குழாயைத் தளர்த்தும் ஏஸ் தடுப்பான் வகை மருந்தை அப்படிப் பெற்றவர்கள் 17 விழுக்காடு. தொடங்கிய சிறு அளவிலேயே பல ஆண்டு ஓடிவிடுகிறது. 2022ல் ஸ்ட்ராங்-எச்எஃப் ஆய்வு 1,078 பேரிடம், வீடு திரும்பிய இரண்டே வாரத்தில் அடிக்கடி பரிசோதித்து அளவை ஏற்றிப் பார்த்தது. ஆறு மாதத்தில் மரணமோ மறுசேர்க்கையோ 23 விழுக்காட்டிலிருந்து 15 ஆகக் குறைந்தது, வாழ்க்கைத்தரமும் உயர்ந்தது. உப்பும் நடையும் ஒருசேரத் தர முடியாத இரண்டையும் தந்தது இதுதான். 2023ல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு ஆளுக்கொரு குடும்ப மருத்துவர் வந்திருக்கிறார். மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பியபின் அளவை ஏற்றுவது யார் பொறுப்பு என்பதை அந்த மருத்துவரும் இதய நிபுணரும் தங்களுக்குள் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு ஊழியர்களின் நிலை தனி. உடலை வைத்துப் பிழைப்பவருக்கு இந்த நோய் உறுதியானால் பெரும்பாலும் ஊர்தான் கதி. தொடர் சிகிச்சை புதுக்கோட்டையிலோ சிவகங்கையிலோ நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. இங்கிருந்து கிளம்புகிறவர் மருந்துப் பட்டியலும் எக்கோ அறிக்கையும் கையில் இல்லாமல் விமானம் ஏறக்கூடாது.

கடைசியாக, நோயாளியின் அன்றாட நாளை எப்படி அளப்பது? நூறாண்டை நெருங்கும் நியூயார்க் இதயச் சங்கப் படிநிலை, நோயாளியை நான்கு வகுப்பில் ஒன்றில் வைக்கிறது. 2000ல் வந்த கான்சஸ் சிட்டி வினாநிரல் 23 கேள்விகளால் நுணுக்கமாகக் கேட்கிறது: உடை உடுத்த முடிகிறதா, குளிக்க முடிகிறதா, ஒரு மாடி ஏற முடிகிறதா, தோட்ட வேலை செய்ய முடிகிறதா. 40 நாடுகளில் 23,000க்கு மேற்பட்டோரிடம் இதன் சுருக்க வடிவத்தைப் பயன்படுத்தியபோது, மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மரண ஆபத்தும் கூடுதலாக இருந்தது. நல்ல கருவிதான். ஆனால் ரோவல் ரோட்டு அடுக்குமாடியில் தோட்டம் ஏது? அங்கு வாழும் அம்மாவின் நாள் வேறு. தேக்கா ஈரச்சந்தையிலிருந்து இரு கையிலும் பை தூக்கி வருவது, குனிந்து கோலம் போடுவது, வீரமாகாளியம்மன் கோவிலில் தரையில் அமர்ந்து எழுவது, பேரப்பிள்ளையைத் தூக்குவது. குனிந்தால் மூச்சு முட்டுவது இந்த நோயின் அறிந்த அறிகுறி. கோலம் போடுவதை ஆறு மாதமாக விட்டுவிட்டவரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. அவரும் "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது "பரவாயில்லை" வேண்டாம். போன வருடம் செய்து இந்த வருடம் செய்ய முடியாமல் போன இரண்டு வேலைகளைச் சொல்லுங்கள். எடை எழுதிய தாளையும், ஊரிலிருந்து வந்த அட்டை உட்பட வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும் கொண்டுபோங்கள். "என் மருந்தின் அளவை இன்னும் ஏற்றலாமா?" என்று கேட்டு, பதில் கிடைத்தபின் எழுந்து வாருங்கள்.